வேங்கையனுக்கு நீச்சல் தெரியாது

ஓசூர்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் கெசியாவும் ஆண்டவர் கிருபையால் நலம். சர்க்கரை அளவாகத்தான் இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லடா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுத்தில் உனக்குப் பொய் வராது என்பதால் இங்கே கேட்கிறேன்.

ஞாயிறு மதியம் நான் எங்கே போகிறேன் என்று போன தடவை கேட்டாய். கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் மாதேஷுக்குப் பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறை இருக்கிறது. அங்கே ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுகிறோம். காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம். மாதேஷ் கதையை நடத்துவான்: "கதவு பூட்டியிருக்கு, உள்ளே யாரோ இருமுறாங்க, என்ன பண்றீங்க?" என்பான். நம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்டுவோம். பாத்திரத்தின் தாளில் அந்த வேலைக்கு எழுதியிருக்கும் எண்ணுக்குள் விழுந்தால் காரியம் முடிந்தது. இல்லையென்றால் மாட்டிக்கொண்டோம். நான் வேங்கையன் என்ற தளபதி. மூன்று வருடம் ஆடி ஒன்பதாவது லெவலுக்கு வந்திருக்கிறேன்.

இப்போது ஒரு பிரச்சினை. எங்கள் ஆட்டத்தில் லெவல் ஏறினால் தாளில் உள்ள எல்லா எண்ணும் சேர்ந்து ஏறும். கவிப்ரியா என்று ஒரு பெண், பல வருடம் முன்பு கம்பெனி லைனில் அவளுக்கு நான்தான் வேலை பழக்கினேன். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் பாதி ஞாயிறு அவளால் வர முடியாது. அதனால் அவள் மூன்றாவது லெவலிலேயே நிற்கிறாள். கதையில் எல்லாப் பூட்டையும் திறப்பது அவள் பாத்திரம்தான். ஆனால் தாளைப் பார்த்தால், பூட்டைத் தொட்டே பார்க்காத என் தளபதிக்கு அதில் அவளைவிட எண் அதிகம். போன வாரம் அவள் கேட்டாள், "லெவலை எடுத்துட்டு, யார் எதைச் செஞ்சாங்களோ அதுக்கு மட்டும் எண் குடுக்கிற முறைக்கு மாறலாமாண்ணா?" மாதேஷ் உடனே என் தாளைப் பிடுங்கிப் பார்த்தான். "அண்ணா, உங்க தளபதிக்கு நீச்சல் பதினாலு. மூணு வருஷத்துல ஒரு நாளும் தண்ணியில இறங்கலயே. பக்கெட்டுல குளிச்சே ஏறிடுச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் மேசையில் ஐந்து பேரும் சரி என்றால்தான் சட்டம் மாறும். நான்கு பேர் சரி என்றுவிட்டார்கள். என் பதில்தான் பாக்கி. எனக்கு மனசு வரவில்லை. உனக்குக் கணக்கு வரும், நியாயமும் வரும். நீ என்ன சொல்கிறாய்?

கெசியா உன்னை விசாரித்தாள்.

உன் தம்பி,
ஜெபராஜ்


காவேரிப்பட்டினம்
19 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி ஜெபாவுக்கு,

உங்கள் இருவரையும் தினமும் காலை ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். முழங்கால், மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது அதிகம் வலிக்கிறது. பொய் எழுதவில்லை பார்.

ஐம்பது வயதில் தளபதி ஆகிவிட்டாய், சந்தோஷம். உன் பிரச்சினையை இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தெரிந்த உதாரணம் பள்ளிக்கூடம்தான். எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஒன்பதுக்குப் போகும்போது கணக்கு, தமிழ், ஓவியம் எல்லாவற்றிலும் ஒன்பதாம் வகுப்புக்காரிதான். அது லெவல். ஆனால் அவளுடைய மதிப்பெண் பட்டியலில் ஓவியம் தொண்ணூறும் கணக்கு முப்பத்தாறும் இருக்கும். அது ஸ்கில், கவிப்ரியா கேட்கிற முறை. இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியதுதான். மேல்வீட்டு நாராயணம்மா செய்கிற இனிப்பு ஒப்பட்டுக்கு இந்தத் தெருவில் இணை கிடையாது. அவர் போடுகிற டீயை மனிதர் குடிக்க முடியாது. அவருக்குச் சமையலில் எந்த லெவல் கொடுப்பாய்?

ஆனால் ஆடிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். விதியை எழுதி அனுப்பு. பகடையும் வேண்டும். இங்கே கடையில் கேட்டேன், ஆறு முகம்தான் இருக்கிறதாம்.

வேலை எப்படிப் போகிறது? அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா ஜெபசீலி


ஓசூர்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். யாரும் பார்க்க மாட்டார்கள்.

பகடை உள்ளே இருக்கிறது. இரண்டு முறையையும் தனித்தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உனக்கென்று ஒரு பாத்திரத்தை வைத்து ஒரே கதையை இரண்டு தடவை ஆடிப் பார். லெவல் முறையில், கதை முடிந்தால் ஒரு லெவல் ஏறும், எல்லா எண்ணும் கூடும். ஸ்கில் முறையில், செய்து பார்த்த வேலைக்கு எதிரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். கதை முடிந்ததும் புள்ளி உள்ள ஒவ்வொன்றுக்கும் மறுபடி உருட்டு. கைவசம் இருக்கும் எண்ணைத் தாண்டி விழுந்தால் அந்த வேலையில் ஒன்று கூடும். மற்றது எதுவும் அசையாது.

பழைய ஆட்கள் இந்த இரண்டாவது முறைக்கு மாறினால், இதுவரை கதையில் நிஜமாகச் செய்ததற்கு மட்டும் எண் எழுதுவார்கள். மாதேஷ் என் தளபதிக்குப் போட்டுப் பார்த்தான். வாள் பதினெட்டு, ஆணையிடுவது பதினேழு. அவ்வளவுதான். பூட்டு, நீச்சல், மருந்து, எழுத்து வாசிப்பது எல்லாம் ஒன்று. புதிதாக மேசைக்கு வருகிறவனுக்கும் அதே ஒன்றுதான்.

வேலை இருக்கிறது. கியர் லைனில் இப்போது கொஞ்சம் ஓய்வு, அதனால்தான் இவ்வளவு எழுத நேரம்.

உன் தம்பி,
ஜெபராஜ்


காவேரிப்பட்டினம்
20 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் கெசியாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். கவர் ஒரு ஓரம் கிழிந்து வந்தது. தபால்காரர் கங்கப்பன் பகடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டீச்சர், இது ராசிக்கல்லா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்வதற்குள் அவருடைய டீ ஆறிவிட்டது.

என் பாத்திரத்தின் பெயர் பவளம். மாட்டு வண்டியில் மாம்பழம் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி விற்கப் போகிறவள். லெவல் முறையில் ஆடினேன். பேரம் பேசினாள், வண்டி ஓட்டினாள், சுங்கச் சாவடியில் கன்னடம் பேசத் தெரியாமல் விழித்தாள், ஒரு வழியாக விற்றுத் திரும்பினாள். இரண்டாவது லெவல். தாளைப் பார்த்தால் வாள் வீச்சிலும் கூடியிருக்கிறது! நாள் முழுக்க மாம்பழம் விற்றவளுக்கு வாள் எப்படி வந்தது? நானே தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அடுத்து ஸ்கில் முறை. அதில் வண்டி ஓட்டுவது மட்டும் ஒன்று கூடியது. கன்னடத்தை மூன்று தடவை பேசிப் பார்த்தாள், மூன்றிலும் தோல்வி, அதனால் புள்ளி வைக்கவில்லை. இது கொஞ்சம் கஞ்சத்தனமான முறைதான். ஆனாலும் நியாயம் இதில்தான் இருக்கிறது, ஜெபா. என் ஓட்டு கவிப்ரியாவுக்கு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த பள்ளியில் ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார். பதவி உயர்வு வந்த நாள் முதல் சாக்பீஸ் தொட்டதில்லை. ஒரு நாள் ஆள் இல்லை என்று எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போனார். பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிள்ளைகள் பயத்தில் சிரிக்கவில்லை. ஆசிரியர் அறையில் நாங்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நாற்காலியில் உட்கார்ந்தே ஏறுகிற லெவல் தண்ணீரில் இறங்கினால் தெரிந்துவிடும். உன் வேங்கையனும் அந்த ரகம்தானே? ஒத்துக்கொண்டுவிடு.

அன்புடன்,
அக்கா


ஓசூர்
28 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

கடிதம் வந்தது. சிரித்தேன். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். வேங்கையன் அந்த ரகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறோம், அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. நீயும் இதற்கு மேல் சிரமப்பட வேண்டாம்.

ஜெபராஜ்


காவேரிப்பட்டினம்
24 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

போன இரண்டு ஞாயிறும் நான் கூப்பிட்டபோது போனை கெசியாதான் எடுத்தாள். நீ தூங்குகிறாய் என்றாள். மதியம் தூங்குகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலும் கிடையாது. சர்க்கரை பார்த்தாயா? காலில் புண் ஏதாவது இருக்கிறதா? மறைக்காதே.

போன கடிதத்தை நீ முடித்த இடத்தில் "உன் தம்பி" என்று இல்லை. வெறும் ஜெபராஜ். கரண்ட் ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என் கடிதத்துக்கு நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. நினைவில் இருந்து யோசித்துப் பார்க்கிறேன், வேடிக்கையாகத்தானே எழுதினேன்.

பவளம் வண்டியோடு சும்மா நிற்கிறாள். இரண்டு வரி எழுது.

அக்கா


ஓசூர்
12 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு கெசியா வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் சரீர சுகமாக இருக்கிறோம். அவருக்குச் சர்க்கரை ஒன்றும் ஏறவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். இது அவருக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம். போனில் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும்.

கம்பெனியில் கியர் லைனை ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள், அண்ணி. இனி மின்சார வண்டிக்கு மோட்டார் செய்கிற லைன் மட்டும்தானாம். சூப்பர்வைசர்களிடம் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். செட்டில்மெண்ட் வாங்கிக்கொண்டு வெளியே போகலாம். இல்லையென்றால் மோட்டார் லைனில் டிரெயினியாக முதலிலிருந்து சேரலாம். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த லைனில் புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது கவிப்ரியா.

அவர் இரண்டுக்கும் வாய் திறக்கவில்லை. தினமும் சூப்பர்வைசர்களுக்கான நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறார். நின்றுபோன லைன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களாம், அதில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். டிரெயினி என்றால் சாம்பல் நிறச் சட்டை. "இந்த வயசுல அதைப் போட்டுக்கிட்டு பஸ்ல ஏற முடியாது" என்று ஒரே ஒரு நாள் சொன்னார். வீட்டில் உட்கார்ந்தால் இவர் இன்னும் ஒடுங்கிப்போவார் என்பதுதான் என் பயம்.

உங்களிடம் சொல்லிவிடச் சொல்லி அவரிடம் பல தடவை கேட்டேன். "அக்கா படிக்க வச்சு நான் சூப்பர்வைசர் ஆனேன்னு சபையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு. இதை எப்படிச் சொல்றது?" என்கிறார். உங்களுடைய அக்டோபர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

கெசியா


காவேரிப்பட்டினம்
18 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

பண்டிகை உங்கள் வீட்டில் மனநிறைவோடு விடியட்டும். வலி குறைந்திருக்கிறது. அச்சு முறுக்கு ஒரு டப்பா பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன், அளவாகச் சாப்பிடு.

முதலில் ஒன்று. அந்தத் தலைமை ஆசிரியரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? நாங்கள் சிரித்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்ட மாதிரி எழுதிவிட்டேன். அவர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது. பாதி மட்டும் தெரிந்த கதையை உதாரணமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது ஆட்டம். நீ நிறுத்தி வைத்திருக்கலாம், நான் நிறுத்தவில்லை. இந்தத் தடவை கதையை நான் நடத்துகிறேன், நீ உருட்டு. இந்த மாதத் தொடக்கத்து மழையில் தென்பெண்ணை ஓடிய ஓட்டத்தைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். அதிலிருந்துதான் இது தோன்றியது.

பவளத்தின் வண்டி ஆற்றைக் கடக்கும்போது நடு ஆற்றில் சக்கரம் புதைந்துவிட்டது. மாடு இரண்டும் நுகத்தில் கட்டியபடி நிற்கின்றன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. கரையில் ஒரே ஆள், வேங்கையன். அவனுக்கு நீச்சல் ஒன்று. உடம்பில் தளபதியின் கவசம். அதோடு இறங்கினால் மூழ்குவான். கழற்றி வைத்துவிட்டு இறங்கினால், பார்க்கிறவர்களுக்கு அவன் தளபதி என்று தெரியாது. நீந்திப் போய் மாட்டை அவிழ்க்க வேண்டும்.

என்ன செய்கிறான்? மாடுகளுக்காகவாவது சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


ஓசூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பொங்கலுக்கு இங்கே கம்பெனி விடுமுறை. முறுக்கு வந்தது, டப்பாவை கெசியா ஒளித்து வைத்திருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். வேங்கையனுக்கு ஆணையிடுவதில் பதினேழு இருக்கிறது. கரையில் நின்றபடியே வீரர்களைக் கூப்பிட்டு இறங்கச் சொல்கிறான். உருட்டினேன், பதினொன்று விழுந்தது, அதனால் ஜெயம். மாடுகள் கரையேறிவிட்டன. ஒரு தளபதி செய்கிற வேலை அதுதான்.

நான் இப்போது மாதேஷ் வீட்டுப் பக்கம் போவதில்லை. கவிப்ரியா இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

உன் தம்பி,
ஜெபராஜ்


காவேரிப்பட்டினம்
18 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

மறுபடி "உன் தம்பி" ஆனதற்கு ஆண்டவருக்கு நன்றி. எனக்கு ஒரு குறையும் இல்லை. நாராயணம்மா பொங்கல் கொடுத்தார், கூடவே டீயும் கொடுத்தார்.

உன் பதில் செல்லாது. பொங்கலுக்கு உன் கம்பெனிக்கு மட்டும்தான் விடுமுறையா? வேங்கையனின் வீரர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவன் கூப்பிட்டான், அழகாகத்தான் கூப்பிட்டான், பதினொன்று. எதிரொலி மட்டும் வந்தது. ஆற்றில் தண்ணீர் மாட்டின் கழுத்துக்கு வந்துவிட்டது.

நான் ஒரு தப்புக் கண்டுபிடித்திருக்கிறேன், அதையும் கேள். நீ எழுதி அனுப்பிய விதித் தாளை மறுபடி படித்தேன். "செய்து பார்த்த வேலைக்குப் புள்ளி" என்றுதான் நீ எழுதியிருக்கிறாய். ஜெயித்தால் என்று எழுதவே இல்லை. பவளம் மூன்று தடவை கன்னடம் பேசித் தோற்றாளே, அதற்கு நான் புள்ளி வைத்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் சரியான விடைக்கு மட்டும் மார்க் போட்ட கை, இங்கேயும் அப்படியே போட்டுவிட்டது. இப்போது புள்ளி வைத்து உருட்டினேன், கூடிவிட்டது.

உருட்டும்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. கைவசம் உள்ள எண்ணைத் தாண்டி விழுந்தால் கூடும் என்றால், வாளில் பதினெட்டு இருக்கிறவனுக்குப் பத்தொன்பதும் இருபதும் மட்டும்தான் உதவும். இருபது முகத்தில் இரண்டு முகம். நீச்சலில் ஒன்று இருக்கிறவனுக்கு, இரண்டிலிருந்து இருபது வரை எது விழுந்தாலும் ஏற்றம். பத்தொன்பது முகம்! இந்த முறையைப் பெரியவர்களிடமிருந்து பிடுங்கும் முறை என்று நீ நினைத்தாய். நியாயமான முறை என்று நான் நினைத்தேன். நாம் இருவருமே கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. தெரியாத வேலையில் இறங்குகிறவனுக்குத்தான் இது இடம் கொடுக்கிறது.

இறங்குவதும் இறங்காததும் வேங்கையன் விருப்பம். இறங்கவில்லை என்றாலும் அவன் எனக்கு வேங்கையன்தான். கவசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பவளத்துக்கு அவன் முகம் தெரியும். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஓசூர்
2 மார்ச் 2025

அன்புள்ள என் அக்காவுக்கு,

பதில் தாமதம். நானும் கெசியாவும் நலம். உன் காலைப் பற்றிக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது, எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் பகடையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கெசியா, "உருட்டுங்க, இல்லாட்டி எடுத்து வைங்க, தட்டு வைக்கணும்" என்றாள். வேங்கையன் கவசத்தைக் கழற்றினான். உருட்டினேன். பதினான்கு. தோல்வி. தண்ணீர் குடித்துக் கரைக்கே திரும்பினான். மறுபடி உருட்டினேன், ஆறு. அதுவும் தோல்விதான். மூன்றாவது தடவை பவளம் வண்டியிலிருந்து கயிறு வீசினாள் என்று நானே வைத்துக்கொண்டேன், அதைப் பிடித்துப் போய் மாட்டை அவிழ்த்தான். கதையை நடத்துகிற நீதான் அதைச் சொல்ல வேண்டும், மன்னித்துக்கொள். புள்ளி வைத்துக் கடைசியாக உருட்டினேன். நீச்சல் இரண்டு.

இனி எழுதுவது ஆட்டம் இல்லை.

கியர் லைன் ஆகஸ்டிலேயே நின்றுவிட்டது, அக்கா. ஓய்வு என்று உனக்கு எழுதினேன். சூப்பர்வைசர் வேலை இனி இல்லை. வெளியே போவதா, மோட்டார் லைனில் டிரெயினியாகச் சேருவதா என்று கேட்டிருந்தார்கள். ஜனவரி கடைசி நாளில், சேருகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். இதெல்லாம் உனக்கு முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். நீ கேட்கவில்லை. யார் எழுதினார்கள் என்று நானும் கேட்கவில்லை.

முதல் நாள் சாம்பல் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொண்டேன். இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

வேலை என்னவென்றால், காந்தம் பதித்த உருளையை மோட்டாரின் கூட்டுக்குள் இறக்க வேண்டும். கியர் வேலையில் அழுத்தித் தள்ளித்தான் பொருத்துவோம். என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இங்கே கொஞ்சம் உள்ளே போனதுமே காந்தம் தானாக இழுக்கிறது. தள்ளக் கூடாது, பிடித்து நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். நான் தள்ளினேன். டக்கென்று போய் ஓரத்தில் இடித்தது. கவிப்ரியா பார்த்தாள். அதைத் தன் பக்கம் இழுத்துக் கழற்றி, அவளே சரியாகப் பொருத்தி, என் கணக்கில் வைத்தாள். "பரவால்ல சார், விடுங்க" என்றாள். இரண்டு நாள் இப்படியே போனது. என் தப்பையெல்லாம் அவளே திருத்தினாள். என்னைப் பார்க்காமலே திருத்தினாள். மேசையில் அண்ணா என்று கூப்பிட்ட பெண் இங்கே சார் என்று கூப்பிட்டாள்.

மூன்றாம் நாள் டீ இடைவேளையில் அவளிடம் போனேன். "கவி, நீ பொருத்தினா எனக்கு எப்படி வரும்? தப்புன்னா தப்புன்னு சொல்லு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குப் பழக்கினவர் நீங்க. உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றாள். "உனக்குப் பழக்கினப்போ நான் எப்படிச் சொன்னேன்?" என்று கேட்டேன். "திட்டுவீங்க" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

மறுபடி லைனுக்கு வந்தோம். பொருத்தினேன். பார்த்தாள். "கழட்டுங்கண்ணா" என்றாள். கழற்றினேன். மறுபடி பொருத்தினேன். "கழட்டுங்க. கை அவசரப்படுது" என்றாள். கழற்றினேன். மூன்றாவது தடவை பொருத்தியதை அவள் பார்த்தாள். அடுத்த கூட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

லைன் ஆரம்பிக்கிற இடத்தில் பெயரும் வேலையும் எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், அதை நாலாகப் பிரித்திருப்பார்கள். பழகுகிறவனுக்குக் கால், துணையோடு செய்கிறவனுக்கு அரை, தனியாகச் செய்கிறவனுக்கு முக்கால், பிறருக்குப் பழக்கக்கூடியவனுக்கு முழுசு. போன வெள்ளிக்கிழமை என் பெயருக்கு எதிரே இருந்த வெற்று வட்டத்தில் கவிப்ரியா கால் பங்கு கறுப்பாக்கினாள். இருபத்தெட்டு வருட சர்வீசுக்குப் பிறகு கால் வட்டம். ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அன்று சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு மேசைக்கும் போகிறேன். சரி என்று சொல்லிவிட்டேன், சட்டம் மாறிவிட்டது. மாதேஷ் என்னை விடுவதாக இல்லை, "தளபதி, டியூப் கட்டிக்கிட்டு இறங்குங்க" என்கிறான்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறோம். ஒரு உதவி செய், அக்கா. சபையில் எல்லோரும் "சூப்பர்வைசர் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் நான் நின்று விளக்கம் சொல்ல முடியாது. நான் வருவதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. உன்னிடம் சொல்லத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உன்னிடம் சொல்லிவிட்டேன், இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்.

உன் அன்புத் தம்பி,
ஜெபராஜ்


காவேரிப்பட்டினம்
10 மார்ச் 2025

என் அன்புத் தம்பி ஜெபாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படியில் இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான்.

நேற்று ஆராதனை முடிந்து வாசலில் செருப்புப் போடும்போது சொன்னேன். பேச்சியம்மாள்தான் முதலில் கேட்டார், "சூப்பர்வைசர் தம்பி ஈஸ்டருக்கு வருதா டீச்சர்?" என்று. "வருகிறான். இப்போது சூப்பர்வைசர் இல்லை, மோட்டார் வேலை பழகுகிறான்" என்றேன். சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வகுப்பறைக் குரலில்தான் சொன்னேன்.

"இந்த வயசுலயா?" என்றார் பேச்சியம்மாள்.

"ஆமாம்" என்றேன். "இந்த வயதில்தான். கால் வட்டம் வாங்கியிருக்கிறான்."

கால் வட்டம் என்றால் என்ன என்று கேட்டார்கள். வெயிலில் நின்றபடியே மண்ணில் குச்சியால் ஒரு வட்டம் போட்டு, நாலாகப் பிரித்துக் காட்டினேன்.

கெசியாவையும் உன்னையும் எதிர்பார்த்து,
உன் அக்கா
ஜெபசீலி